எபியூசியோஸ்: ஒரே ஒரு செபத்தில் மட்டும் வாழும் சொல்

கிறிஸ்தவர்கள் சொல்லும் செபங்களில் மிகப் பரவலானது இயேசு தம் சீடர்களுக்குக் கற்றுக்கொடுத்த செபமே ஆகும். அதைப் பரமண்டல ஜெபம் என்று சிலரும் கர்த்தர் கற்பித்த செபம் என்று சிலரும் அழைக்கிறார்கள். அதன் நடுவில் உணவு கேட்கும் ஒரு வரி வருகிறது. சீர்திருத்தத் திருச்சபைகளில் வழங்கும் பழைய மொழிபெயர்ப்பில் அந்த வரி 'எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்' என்று இருக்கிறது. கத்தோலிக்கர் 'எங்கள் அன்றாட உணவை இன்று எங்களுக்குத் தாரும்' என்று சொல்கிறார்கள். பிள்ளைப் பருவத்திலிருந்தே மனப்பாடமாகிவிட்ட வரி என்பதால் யாரும் அதில் நின்று யோசிப்பதில்லை. ஆனால் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு கேள்வி எழுகிறது. 'வேண்டிய' என்பது தேவையைக் குறிக்கிறது; 'அன்றாட' என்பது காலத்தைக் குறிக்கிறது. ஒரே மூலத்திலிருந்து வந்த இரண்டு மொழிபெயர்ப்புகளில் இந்த வேறுபாடு எப்படி வந்தது?

இரண்டு சொற்களும் ஒரே கிரேக்கச் சொல்லுக்கு ஈடாக வைக்கப்பட்டவை. அந்தச் சொல் எபியூசியோஸ். அதற்குத் திட்டமான பொருள் என்ன என்பது கடந்த 1,800 ஆண்டுகளாக வாதிக்கப்பட்டு வருகிறது. செபத்தில் வரும் 'பரிசுத்தப்படுவதாக', 'ராஜ்யம்' போன்ற கனமான சொற்களைப் பற்றிக்கூட அறிஞர்களுக்கிடையே இவ்வளவு தடுமாற்றம் இல்லை. சாப்பாட்டைக் கேட்கும் எளிய வரிதான் எல்லோரையும் திணறடிக்கிறது.

சொல் வரும் இடம்

புதிய ஏற்பாடு கிரேக்கத்தில் எழுதப்பட்டது. அந்தக் கிரேக்கம் பழைய ஏதென்ஸ் நகரத்துத் தத்துவஞானிகளின் செந்நடைக் கிரேக்கம் அன்று. மத்தியதரைக் கடலின் கீழைக் கரைகளெங்கும் வணிகரும் போர்வீரரும் குடும்பத்தாரும் பேசிய பொதுவழக்குக் கிரேக்கம். கொய்னே என்று அதற்குப் பெயர். இந்தச் செபம் மத்தேயு நற்செய்தியின் 6-ஆம் அதிகாரத்திலும் லூக்கா நற்செய்தியின் 11-ஆம் அதிகாரத்திலும் காணப்படுகிறது. மத்தேயுவில் உணவு வரியைச் சொல்லுக்குச் சொல் பிரித்தால், 'அப்பத்தை, எங்களுடைய, அந்த எபியூசியோஸான அப்பத்தை, தாரும், எங்களுக்கு, இன்று' என்று அமையும். லூக்காவில் 'இன்று' என்பதற்குப் பதிலாக 'ஒவ்வொரு நாளும்' என்று வருகிறது. வினைச்சொல்லும் அதற்கேற்ப மாறுகிறது. மத்தேயுவில் உள்ள 'தோஸ்' ஒருமுறை கொடுப்பதைக் கேட்கும் ஏவல் வடிவம். லூக்காவில் உள்ள 'திதூ' கொடுத்துக்கொண்டே இருக்கும்படி கேட்கும் ஏவல் வடிவம். தமிழ்ப் பழைய மொழிபெயர்ப்பு இந்த நுட்பத்தை விட்டுவிடாமல், லூக்காவில் 'அன்றன்றும் எங்களுக்குத் தாரும்' என்று எழுதியிருப்பது பாராட்டத்தக்கது.

வினை மாறினாலும், காலச்சொல் மாறினாலும், எபியூசியோஸ் மட்டும் இரண்டு நற்செய்திகளிலும் மாறாமல் நிற்கிறது. இதிலிருந்து ஒரு முக்கியமான முடிவுக்கு வரலாம். இயேசு பேசியது அரமேய மொழி. அவர் சொன்ன அரமேயச் சொல்லை இருவர் தனித்தனியே கிரேக்கத்தில் பெயர்த்திருந்தால், வேறு எங்கும் வழங்காத ஒரே அபூர்வச் சொல்லில் இருவரும் போய் நின்றிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஆகவே, மத்தேயுவுக்கும் லூக்காவுக்கும் முன்பே இந்தச் செபம் கிரேக்க வடிவில் சபைகளில் வழங்கியிருக்க வேண்டும் என்று பெரும்பாலான ஆய்வாளர் கருதுகிறார்கள். மூன்றாவதாக இந்தச் சொல் இருப்பது திதகே என்னும் பழைய சபை ஒழுங்கு நூலில். 1056-இல் படியெடுக்கப்பட்ட அதன் கையெழுத்துப் பிரதியை 1873-இல் கான்ஸ்டான்டிநோபிளில் பிலோதெயோஸ் புரியேன்னியோஸ் என்னும் கிரேக்கப் பேராயர் கண்டெடுத்தார். நாளைக்கு மூன்று முறை இச்செபத்தைச் சொல்ல வேண்டும் என்று அந்நூல் கட்டளையிடுகிறது. ஆனால் அங்கும் இதே செபம்தான், இதே வரிதான். எனவே, இடங்கள் மூன்றானாலும் சாட்சி ஒன்றுதான்.

ஒரு சொல்லின் பொருளை நாம் எப்படி அறிகிறோம்? அகராதியைப் புரட்டி அறிகிறோம் என்று சொல்லலாம். ஆனால் அகராதிக்காரர் எப்படி அறிந்தார்? அச்சொல் பல இடங்களில், பலருடைய எழுத்தில், பல சூழல்களில் வழங்குவதைத் திரட்டி, அவற்றிலிருந்து பொருளை வடித்தெடுத்தார். ஒரே இடத்தில் மட்டும் வரும் சொல்லுக்கு இந்த வழி அடைபட்டுவிடுகிறது. சங்கப் பாடல்களில் ஒரே ஒருமுறை வரும் ஒரு செடியின் பெயருக்கோ மீனின் பெயருக்கோ உரையாசிரியர்கள் ஆளுக்கொரு விளக்கம் சொல்வதைப் படித்தவர்களுக்கு இந்த இக்கட்டு புதிதன்று.

இந்த இக்கட்டை முதலில் எழுத்தில் பதிந்தவர் ஒரிகேன் என்னும் பழைய கிறிஸ்தவ அறிஞர். அலெக்சாந்திரியாவில் வளர்ந்து, பிற்காலத்தில் பாலஸ்தீனத்தின் செசரியாவில் கற்பித்த அவர், சுமார் 233-இல் செபத்தைப் பற்றி எழுதிய நூலில், இந்தச் சொல் கிரேக்க அறிஞர் எவருடைய எழுத்திலும் இல்லை, பாமர மக்களின் பேச்சிலும் இல்லை, நற்செய்தியாளர்களே இதை உண்டாக்கியதாகத் தோன்றுகிறது என்று குறிப்பிடுகிறார். கிரேக்கத்தையே தாய்மொழியாகக் கொண்டு, தம் காலத்து நூல்களையெல்லாம் கரைத்துக் குடித்த ஒருவர் இப்படிச் சொல்லும்போது அதை எளிதில் தள்ளிவிட முடியாது.

இதில் இன்னொரு வியப்பும் உண்டு. 'அன்றாட' என்று சொல்ல வேண்டுமானால் அதற்குப் புதுச் சொல் ஒன்றும் தேவையில்லை. கிரேக்கத்தில் அதற்கு வழக்கமான சொற்கள் உண்டு. யாக்கோபின் நிருபத்தில் 'அனுதின ஆகாரமில்லாமல்' இருக்கும் சகோதரரைப் பற்றிப் பேசுமிடத்தில் எபேமெரோஸ் என்ற சொல் வருகிறது. அப்போஸ்தலர் நடபடிகளில் விதவைகளுக்குச் செய்யப்பட்ட 'அன்றாட விசாரணை'யை, அதாவது பராமரிப்பை, சொல்லுமிடத்தில் கதேமெரினோஸ் என்ற சொல் வருகிறது. கைக்கெட்டிய தூரத்தில் இவை இருந்தும், யாரோ ஒருவர் எபியூசியோஸைத் தேர்ந்தார் அல்லது உருவாக்கினார் என்றால், அவர் 'அன்றாட' என்பதிலிருந்து சற்றேனும் விலகிய ஒன்றைச் சொல்ல விரும்பினார் என்றே நான் நினைக்கிறேன்.

எண்ணெய்க் கணக்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் எகிப்தின் மணலுக்கடியிலிருந்து ஆயிரக்கணக்கில் பாப்பிரஸ் என்னும் நாணல்தாள் ஏடுகள் வெளிவரத் தொடங்கின. வரி ரசீது, கடன் பத்திரம், வீட்டுக்கு எழுதிய கடிதம், சந்தைக் கணக்கு என்று சாதாரண மக்களின் எழுத்துகள் அவை. பரிசுத்த ஆவியானவர் தந்த தனி மொழி என்று சிலர் நினைத்திருந்த புதிய ஏற்பாட்டுக் கிரேக்கம், உண்மையில் இந்த ஏடுகளின் கிரேக்கமே என்று ஜெர்மானிய அறிஞர் அடோல்ஃப் டைஸ்மன் எடுத்துக்காட்டினார். வேதத்துக்கு வெளியே வழங்கியதில்லை என்று கருதப்பட்ட பல சொற்கள் கடைக்கணக்கிலும் கடிதத்திலும் கிடைத்துவிட்டன. அந்த வரிசையில் எபியூசியோஸும் ஒருநாள் அகப்படும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள்.

அகப்பட்டது போலவே இருந்தது. எகிப்தின் ஃபயூம் பகுதியில் உள்ள ஹவாரா என்ற இடத்தில் ஃபிளிண்டர்ஸ் பெட்ரி அகழ்ந்தெடுத்த ஏடுகளை ஏ. எச். சேஸ் என்பவர் படித்து எழுத, அவை 1889-இல் அச்சாகின. அவற்றில் ஒரு வீட்டுச் செலவுப் பட்டியல் இருந்தது. அதில் ஒரு வரியில், அரை ஓபோல் காசுக்கு நேரே, 'எபியூசி...' என்று தொடங்கி முறிந்துபோன ஒரு சொல் இருப்பதாகச் சேஸ் எழுதியிருந்தார். 1915-இல் பிரெடெரிக் பிரைசிக்கே தொகுத்த பாப்பிரஸ் திரட்டில் இந்தப் பட்டியல் மறுபதிப்பாக வந்தபின், அறிஞர்களின் கண் அதன்மேல் விழுந்தது. செலவுப் பட்டியலில் வருவதால், அச்சொல் ஓர் ஆளுக்கு ஒருநாளைக்கு அளக்கப்படும் உணவுப் படியைக் குறிக்கலாம் என்று ஊகித்தார்கள். அகராதிகளிலும் அந்த விளக்கம் ஏறியது.

ஆனால் மூல ஏட்டைத் திரும்பப் பார்க்க முடியவில்லை. அது எங்கே போயிற்று என்று தெரியாமல் இருந்தது. அமெரிக்க அறிஞர் புரூஸ் மெட்சர் 1957-இல் இந்த ஒற்றைச் சான்றின்மேல் ஐயம் தெரிவித்து எழுதினார். நாற்பது ஆண்டுகள் கழித்து, 1998-இல், தொலைந்துபோனதாகக் கருதப்பட்ட அந்த ஏடு யேல் பல்கலைக்கழகத்தின் பெய்னெக்கே நூலகத்தில் இருப்பது தெரியவந்தது. அதை நேரில் ஆராய்ந்த நைமன், வோர்ப் என்ற இருவரும் தங்கள் முடிவை அடுத்த ஆண்டு வெளியிட்டார்கள். அந்த இடத்தில் எழுதியிருந்தது 'எலாயூ' என்ற சொல்; அதாவது எண்ணெய். அரை ஓபோலுக்கு எண்ணெய் வாங்கிய கணக்கை ஒருவர் அவசரக் கையெழுத்தில் குறித்து வைத்திருக்க, அதை வேறாகப் படித்ததால், இல்லாத பொருள் ஒன்று ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு அகராதிகளில் குடியிருந்திருக்கிறது.

ஆக, ஒரிகேன் சொன்னது இன்றுவரை நிற்கிறது. செபத்துக்கும் அதை மேற்கோள் காட்டும் நூல்களுக்கும் வெளியே இச்சொல்லுக்கு உறுதியான சான்று ஒன்றும் கிடைக்கவில்லை.

புணர்ச்சி விதி சொல்வது

வழக்கைக்கொண்டு பொருள் காண முடியாதபோது, சொல்லைப் பிரித்துப் பார்ப்பதே அடுத்த வழி. பகுதி என்ன, முன்னொட்டு என்ன, அவை எப்படிப் புணர்ந்தன என்று பார்ப்பது தமிழிலக்கணம் படித்தவர்களுக்கு இயல்பானதே. எபியூசியோஸின் முன்பகுதியான 'எபி' என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. 'மேல்', 'மேலும்', 'நோக்கி' என்றெல்லாம் பொருள்படும் முன்னொட்டு அது. சிக்கல் பின்பகுதியில் இருக்கிறது.

ஒரு சாரார் பின்பகுதியை 'ஊசியா' என்ற சொல்லிலிருந்து வந்ததாகக் கொள்கிறார்கள். (நம்முடைய ஊசிக்கும் அதற்கும் தொடர்பில்லை.) 'இரு' என்னும் வினையடியாகப் பிறந்த அச்சொல்லுக்கு இருப்பு, உள்பொருள், சில இடங்களில் சொத்து என்று பொருள். அப்படியானால் எபியூசியோஸ் என்பது 'இருப்புக்கு வேண்டிய', அதாவது உயிர்வாழத் தேவையான உணவு என்று ஆகும்; அல்லது, 'எபி' என்பதை 'மேலான' என்று கொண்டால், பொருள்நிலைக்கு அப்பாற்பட்ட ஞான உணவு என்று ஆகும். ஒரிகேன் ஊசியாவின் வழியே சென்று, ஆன்மாவின் உள்ளியல்போடு கலக்கும் உணவு என்று விளக்கினார். இதே 'இரு' வினையிலிருந்து கிளைக்கும் மற்றொரு கருத்து, 'இருக்கிற நாளுக்கு', அதாவது இன்றைய நாளுக்கு என்பது.

மற்றொரு சாரார் பின்பகுதியைப் 'போ, வா' என்று பொருள்படும் வேறொரு வினையிலிருந்து வந்ததாகக் கொள்கிறார்கள். அந்த வினை 'எபி'யோடு சேர்ந்து வரும் 'எபியூசா' என்ற எச்ச வடிவம் கிரேக்கத்தில் மிகச் சாதாரணமாக வழங்கியது. 'எபியூசா ஹேமேரா' என்றால் 'வருகிற நாள்', 'அடுத்த நாள்'. அந்த வழியே எபியூசியோஸ் என்பது 'வருகிற நாளுக்குரிய' என்று பொருள்படும்.

இந்த இரண்டு சாராருக்கிடையே நடுவராக நிற்பது ஒரு சிறிய புணர்ச்சி விதி. கிரேக்கத்தில் 'எபி' என்ற முன்னொட்டை அடுத்து உயிரெழுத்தில் தொடங்கும் சொல் வந்தால், 'எபி'யின் ஈற்று இகரம் கெடும். தமிழில் 'காடு' என்பதும் 'இல்' என்பதும் சேரும்போது உகரம் கெட்டுக் 'காட்டில்' என்று ஆவதோடு இதை ஒப்பிட்டுக்கொள்ளலாம். 'எபி'யோடு வானம் என்று பொருள்படும் 'ஊரானோஸ்' சேர்ந்தபோது உருவான சொல் 'எபூரானியோஸ்'. 'எபியூரானியோஸ்' என்று ஆகவில்லை. அதே விதிப்படி, ஊசியாவிலிருந்து உருவாகியிருந்தால் நம் சொல் 'எபூசியோஸ்' என்று இருந்திருக்க வேண்டும். 'வருகிற' என்ற வினையைக் கொண்டால் இந்த இடர் இல்லை. அந்த வினையடியே இகரத்தில் தொடங்குவதால், 'எபி'யின் இகரம் கெட்டாலும் வினையின் இகரம் அங்கே நிற்கும்.

விதிக்கு விலக்கு இல்லாமல் இல்லை. சாந்தகுணத்தைக் குறிக்கும் 'எபியெய்கேஸ்' போன்ற சொற்களில் இகரம் கெடாமல் நிற்கிறது. ஆனால் அச்சொல்லின் பின்பகுதி மிகப் பழங்காலத்தில் வகர ஒலியோடு தொடங்கியது. பின்னர் அந்த வகரம் வழக்கொழிந்தாலும் இகரம் தன் இடத்தை விடவில்லை. ஊசியாவுக்கு அப்படிப்பட்ட வரலாறு இல்லை. எனவே, இலக்கணத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லச் சொன்னால், 'வருகிற நாளுக்குரிய' என்ற பக்கமே நான் சாய்வேன். இருந்தாலும், சொற்பிறப்பு ஒரு சொல்லின் பொருளை முழுக்கத் தீர்மானிக்காது என்பதைப் புதிதாகப் படிப்பவர்கள் மறக்கக்கூடாது. 'நாற்றம்' என்ற சொல் பிறந்தபோது அது நறுமணத்துக்கும் உரியதாயிருந்தது என்பதற்காக, இன்று யாரும் பூவுக்கு நல்ல நாற்றம் என்று பாராட்டிச் சொல்வதில்லை.

பழைய மொழிபெயர்ப்பாளர்கள் தடுமாறிய விதம்

கிரேக்கத்துக்கு அருகே வாழ்ந்த பழைய மொழிபெயர்ப்பாளர்களைக் கேட்டால் விடை கிடைக்கும் என்று நினைக்கலாம். அவர்களும் ஆளுக்கொரு திசையைக் காட்டுகிறார்கள். பழைய லத்தீன் மொழிபெயர்ப்புகள் 'அன்றாட' என்றன. சிரியாக் மொழியின் பெஷித்தா மொழிபெயர்ப்பு 'எங்கள் தேவைக்குரிய அப்பம்' என்றது. அதற்கு முந்திய சிரியாக் மொழிபெயர்ப்பு 'இடையறாத அப்பம்' என்றது. நான்காம் நூற்றாண்டில் கோத்திய மொழியில் பெயர்த்த வுல்ஃபிலாவும் அந்தப் பொருளிலேயே எழுதினார். எகிப்தின் காப்டிக் மொழிபெயர்ப்புகளில் ஒன்று 'நாளைய அப்பம்' என்றும் மற்றொன்று 'வருகிற அப்பம்' என்றும் சொல்கின்றன. அலெக்சாந்திரியாவை விட்டுச் சில நாள் நடை தூரத்தில் இருந்தவர்களே ஒரிகேனின் விளக்கத்தைப் பின்பற்றாமல் காலப்பொருளைப் பற்றிக்கொண்டார்கள் என்பது கவனிக்கத்தக்கது.

எல்லோரையும்விட வேடிக்கையான காரியத்தைச் செய்தவர் ஜெரோம். திருத்தந்தை தமாசுவின் வேண்டுகோளுக்கு இணங்க, 380-களின் தொடக்கத்தில் லத்தீன் நற்செய்திகளைக் கிரேக்கத்தோடு ஒப்பிட்டுத் திருத்திய அவர், மத்தேயுவில் வரும் எபியூசியோஸைச் 'சூப்பர்சுப்ஸ்தான்சியாலெம்' என்று மாற்றினார். 'எபி'க்கு 'சூப்பர்', ஊசியாவுக்கு 'சுப்ஸ்தான்சியா' என்று உறுப்புக்கு உறுப்பு பெயர்த்து ஒட்டிய சொல் அது. ஆனால் லூக்காவில் வரும் அதே சொல்லைப் பழையபடி 'கொதிதியானும்', அதாவது 'அன்றாட' என்று விட்டுவிட்டார். ஒரே சொல்லுக்கு ஒரே மொழிபெயர்ப்பாளரின் இரண்டு விடைகள் லத்தீன் வேதாகமத்தில் நிலைத்துவிட்டன. மக்களின் வாய் ஜெரோமின் புதுச்சொல்லை ஏற்கவில்லை. லத்தீனில் செபம் சொன்னவர்கள் 'கொதிதியானும்' என்றே சொல்லிவந்தார்கள்.

அதே ஜெரோம் 398-இல் மத்தேயுவுக்கு எழுதிய விளக்கவுரையில் வேறொரு செய்தியையும் தருகிறார். எபிரேயர் நற்செய்தி என்று வழங்கப்பட்ட, இப்போது கிடைக்காத ஒரு நூலில், இந்த இடத்தில் 'மாஹார்' என்ற சொல்லைத் தாம் கண்டதாகவும், அதற்கு 'நாளை' என்று பொருள் என்றும் அவர் எழுதுகிறார். அந்நூல் மூலத்தின் அரமேயச் சொல்லையே காத்து வைத்திருந்ததா, அல்லது கிரேக்கத்திலிருந்து திரும்பப் பெயர்க்கப்பட்டதா என்று இன்றும் வாதிக்கிறார்கள். எப்படியானாலும், மிகப் பழைய காலத்தில் செமித்திய மொழி பேசிய கிறிஸ்தவர்கள் சிலர் இந்த வரியை 'நாளைய அப்பத்தை இன்று தாரும்' என்று புரிந்துகொண்டார்கள் என்பதற்கு அது சாட்சி.

உறுப்புக்கு உறுப்பு பெயர்ப்பது எப்போதும் தோற்றுப்போவதில்லை. ஒன்பதாம் நூற்றாண்டில் தோன்றிய பழைய ஸ்லாவோனிய மொழிபெயர்ப்பும் 'மேல்' என்பதையும் 'இருப்பு' என்பதையும் இணைத்து ஒரு சொல்லை உருவாக்கியது. அந்தச் சொல் ருஷ்ய மொழிக்குள் 'நசூஷ்னி' என்று புகுந்து, இன்று 'மிக இன்றியமையாத' என்ற பொருளில் செய்தித்தாள்களில்கூட வழங்குகிறது. கிரேக்கத்தில் ஊருக்குள் வராமலே போன சொல்லின் பெயர்ப்பு, ருஷ்ய மொழியில் கடைத்தெருவுக்கு வந்துவிட்டது.

நாளைய உணவு என்றால்

'நாளைக்குரிய' என்ற பொருளை ஏற்பதற்கு எல்லோரும் தயங்குவதற்கு ஒரு காரணம் உண்டு. இதே மத்தேயு நற்செய்தியில், இதே அதிகாரத்தில், செபத்துக்கு இருபதுக்கும் மேற்பட்ட வசனங்கள் தள்ளி, 'நாளைக்காகக் கவலைப்படாதிருங்கள்' என்று இயேசு சொல்கிறார். நாளைக்காகக் கவலைப்படாதே என்று சொல்பவர் நாளைய உணவைக் கேட்கச் சொல்வாரா? மேலும், வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு மன்னா என்னும் உணவு கொடுக்கப்பட்டபோது, அந்தந்த நாளுக்கு வேண்டியதை மட்டும் சேர்க்க வேண்டும் என்பதே கட்டளை. மறுநாளுக்கென்று மீதி வைத்தவர்களின் பாத்திரத்தில் பூச்சி பிடித்து நாறியது என்று யாத்திராகமம் 16-ஆம் அதிகாரம் சொல்கிறது. ஓய்வுநாளுக்கு முந்தின நாளில் மட்டுமே இரண்டு மடங்கு சேர்க்க அனுமதி இருந்தது.

இந்தத் தடை பார்வைக்குப் பெரிதாக இருந்தாலும், 'எபியூசா' வழங்கும் இடங்களை நெருங்கிப் பார்த்தால் தளர்ந்துவிடுகிறது. புதிய ஏற்பாட்டில் அந்த எச்ச வடிவம் ஐந்து இடங்களில் வருகிறது. ஐந்தும் லூக்கா எழுதிய அப்போஸ்தலர் நடபடிகளில்தான். மோசே மறுநாளில் சண்டையிடுகிறவர்களைக் கண்டான் என்பதிலும், பவுல் துரோவாவில் கப்பலேறி மறுநாளில் நெயாப்போலிக்குப் போனார் என்பதிலும் அது 'மறுநாள்' என்றே பொருள்படுகிறது. ஆனால் 23-ஆம் அதிகாரத்தில், எருசலேமில் காவலில் இருந்த பவுலின் அருகே கர்த்தர் நின்ற இரவைச் சொல்லும்போதும் கிரேக்கத்தில் அதே 'எபியூசா' இருக்கிறது. தமிழ்ப் பழைய மொழிபெயர்ப்பு அதை 'அன்று இராத்திரியிலே' என்று பெயர்த்திருக்கிறது. கலகம் நடந்த அந்தப் பகலை அடுத்து வந்த இரவு என்பதால் அது சரியே. அப்படியானால், எபியூசா என்பது நாட்காட்டியில் தேதி மாறுவதைக் குறிக்கும் சொல் அன்று. பேசுகிறவன் நிற்கும் இடத்திலிருந்து அடுத்து வரப்போவதைக் குறிக்கும் சொல். விடியற்காலையில் செபிப்பவனுக்கு 'வருகிற நாள்' என்பது இதோ விடியும் இந்த நாள். மாலையில் செபிப்பவனுக்கு அது நாளை. கிரேக்கத்தில் 'நாளை' என்று மட்டும் சொல்ல 'ஔரியோன்' என்ற வேறு சொல் உண்டு. கவலைப்படாதிருங்கள் என்ற வசனத்தில் மத்தேயு அந்தச் சொல்லையே எழுதியிருக்கிறார், செபத்தில் எழுதவில்லை.

இதோடு அன்றைய பாலஸ்தீனத்துக் கூலிக்காரனின் வாழ்க்கையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கூலிக்காரனுடைய வேலையின் பலனை விடியுமட்டும் வைத்திருக்கக்கூடாது என்று லேவியராகமம் கட்டளையிடுகிறது. மத்தேயு 20-ஆம் அதிகாரத்தின் உவமையில், திராட்சத்தோட்டக்காரர் சாயங்காலத்தில் ஆட்களை அழைத்து ஆளுக்கு ஒரு தெனாரியம் கொடுக்கிறார். தமிழில் அது பணம் என்று பெயர்க்கப்பட்டிருக்கிறது. பொழுது சாயும் நேரத்தில் அந்தக் காசு கைக்கு வந்தால்தான், அவன் மாவு வாங்கி வீட்டுக்குப் போக முடியும், பிள்ளைகளுக்கு அடுத்த வேளைக்கு அப்பம் சுட முடியும். அப்படிப்பட்டவன் அடுத்த நாளைக்குரியதை இன்றே கேட்பதைப் பேராசை என்றோ கவலை என்றோ யாரும் சொல்ல மாட்டார்கள். அன்றாடங்காய்ச்சியின் கணக்கில் இன்றைக்கும் நாளைக்கும் இடையே உள்ள கோடு அவ்வளவு தடிப்பாக இருப்பதில்லை.

அப்பமும் ஆகாரமும்

எபியூசியோஸைப் பற்றிப் பேசும்போது அது தழுவி நிற்கும் பெயர்ச்சொல்லையும் சற்றுக் கவனிக்க வேண்டும். அது 'ஆர்தோஸ்', அதாவது அப்பம். தமிழ்ப் பழைய மொழிபெயர்ப்பு, இரண்டே அதிகாரங்களுக்கு முன்னே, 'மனுஷன் அப்பத்தினாலேமாத்திரமல்ல' என்ற இடத்தில் அதே ஆர்தோஸை அப்பம் என்று பெயர்க்கிறது. யோவான் நற்செய்தியில் 'ஜீவ அப்பம் நானே' என்ற இடத்திலும் அதே சொல்தான். செபத்தில் மட்டும் அது ஆகாரமாகிவிட்டது. எபிரேயத்தில் அப்பத்தைக் குறிக்கும் 'லெகெம்' பொதுவாக உணவையும் குறிக்கும் என்பதால் இதில் தவறில்லை. சோறு உண்பவர்கள் அப்பத்தைத் தாரும் என்று கேட்பது பொருத்தமாகவும் இராது. ஆனால் இதனால் ஓர் இழப்பும் உண்டு. செபத்தின் அப்பம், ஐயாயிரம் பேருக்குப் பகிர்ந்த அப்பம், கடைசி இராப்போஜனத்தில் பிட்ட அப்பம் ஆகியவை ஒரே சொல்லால் கட்டப்பட்டிருப்பது தமிழ் வாசகரின் காதில் விழுவதில்லை. சிப்ரியான், அகுஸ்தீன் போன்ற பழைய ஆசிரியர்கள் இந்த வரியில் நற்கருணையையும் கேட்டதற்கு அந்தக் கட்டே காரணம். யோவான் கிறிசோஸ்தோம் அந்தப் பக்கம் போகாமல், ஒரு நாளுக்குப் போதுமான எளிய உணவு என்று நிறுத்திக்கொண்டார். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், 2837-ஆம் எண்ணில், காலப்பொருள், தேவைப்பொருள், ஞானப்பொருள் என எல்லாவற்றையும் அடுக்கிவைத்து ஒன்றையும் தள்ளாமல் விடுகிறது. செபிப்பவருக்கு அது போதும்; மொழிபெயர்ப்பவர் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும்.

1871-இல் ஹென்றி பவர் தலைமையிலான குழு முடித்த பழைய மொழிபெயர்ப்பின் 'வேண்டிய' என்ற சொல் எனக்குக் குறையாகத் தோன்றவில்லை. சிரியாக் பெஷித்தா சென்ற வழியே அதுவும் செல்கிறது. 1995-இல் வெளிவந்த திருவிவிலியம் மத்தேயுவில் 'இன்று தேவையான உணவு' என்றும் லூக்காவில் 'அன்றாட உணவு' என்றும் பெயர்த்து, ஜெரோமைப் போலவே ஒரே சொல்லுக்கு இரண்டு விடைகளை வைத்திருக்கிறது. 'வருகிற நாளுக்குரிய' என்ற பொருளைத் தமிழ்ச் செபம் தனக்குள் எடுத்துக்கொள்ளவில்லை.

என் கணிப்பில், எபியூசியோஸுக்கு மிக நெருங்கி வரும் தமிழ்ச்சொல் பழைய மொழிபெயர்ப்பிலேயே இருக்கிறது. ஆனால் நற்செய்தியில் இல்லை. நீதிமொழிகள் 30-ஆம் அதிகாரத்தில், தரித்திரமும் வேண்டாம், ஐசுவரியமும் வேண்டாம் என்று வேண்டிக்கொள்ளும் ஆகூர், 'என் படியை எனக்கு அளந்து' தரும்படி கேட்கிறான். எபிரேயத்தில் அது 'எனக்கென்று குறிக்கப்பட்ட அப்பம்'. இயேசுவின் செபத்தில் உள்ள உணவு வரிக்குப் பின்னால் இந்த வாக்கியம் இருக்கக்கூடும் என்று கருதும் ஆய்வாளர்களும் உண்டு. படி என்பது அளக்கும் பாத்திரம். அளந்து கிடைக்கும் கூலி நெல்லும் படிதான். அளக்கிறவனைப் படியளக்கிறவன் என்கிறோம். அந்தி நேரத்தில் களத்தில் அளந்து வாங்கி, மடியில் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோகும் அந்த நெல், இன்று உழைத்ததற்குரியது. குத்தி உலையில் போடுவது பெரும்பாலும் நாளைக்கு.